மரமண்டைக்குப் புரையேறிய வருஷம்

எங்க புன்னைத்துறையில யாரை வேணும்னாலும் எப்படி வேணும்னாலும் திட்டலாம், மரமண்டைன்னு மட்டும் திட்டக்கூடாது, திட்டிட்டா வர்ற சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல அதைத் தனியா சொல்லியாகணும், ஏன்னா நிஜமான மரமண்டை ஒண்ணு எங்க மாதா கோயில்ல, சிலுவையில தொங்குற பாடுபட்ட சுரூபத்தோட காலடியில, முந்நூறு வருஷமா உக்காந்திருக்கு. கப்பல்ல கொண்டு வந்தாவன்னு சில பேரு சொல்லுவாவ, கப்பல் உடைஞ்சு ஆளெல்லாம் முங்கி இது மட்டும் மிதந்து வந்துச்சுன்னு சில பேரு சொல்லுவாவ. கருத்த மரத்துல செதுக்குன மண்டையோடு, முத்துன தேங்காயைவிடக் கொஞ்சம் பெருசா, கண்ணுக்கு ரெண்டு குழி, மூக்குக்கு ஒரு குழி, மேல்வரிசையில ரெண்டு பல்லு விழுந்து, பாத்தா பயமே வராது, சிரிப்பை அடக்கிக்கிட்டு இருக்குற ஆளாத்தான் தெரியும்.

நெத்தியில எழுத்து செதுக்கியிருக்கு. செதுக்குன மகராசன் "சாவை நினை"ன்னுதான் செதுக்கினான். மனுசன் ஒருநாள் போய்ச் சேரணும்ங்கிறதை மறந்துட்டு ஆடக்கூடாதுன்னு ஒரு புத்திமதி. ஆனா பரம்பரை பரம்பரையா வந்தவன் போனவன் எல்லாம் உதட்டை ஒத்தி முத்தி பண்ணி, துடைச்சு, எண்ணெய் போட்டு, அந்த "வை"க்கு முன்னால நிக்கிற இணைக்கொம்பு தேஞ்சே போச்சு, இப்ப படிச்சா "சாவ நினை"ன்னுதான் இருக்கும். அது பரவாயில்ல, எங்க ஊர்ல பேசும்போது எவன் அந்த "ஐ"யைச் சொல்லுதான்? மீன வெட்டு, சோத்தத் தின்னு, சாவ நினை. அவ்வளவுதான். இந்தக் கொம்பு தேஞ்சதுதான் பின்னால ஊரையே படாதபாடு படுத்துச்சு.

நான் அமலோற்பவம். சாமியார் பங்களாவுல குசினிக்காரி, பத்தொம்பது வருஷமா. ஏழு சாமியார்மாருக்கு ஆக்கிப் போட்டிருக்கேன், ஒருத்தரும் உப்பு கூடிப்போச்சுன்னு சொன்னதில்ல, சொல்ல விட்டதுமில்ல.

விபூதிப் புதன்கிழமை காலைப்பூசை. எங்க பங்குச்சாமியார் ததேயு சாமி, கும்பகோணத்துப் பக்கத்து மனுசர், சாம்பலைத் தட்டுல வச்சுக்கிட்டு, நீ மண்ணு, மண்ணுக்குத்தான் போவன்னு ஒவ்வொரு நெத்தியிலயும் சிலுவை போட்டுக்கிட்டு வந்தாவ, சனம் முழுக்க அன்னிக்கு ஒருநாளாவது சாவைப் பத்தி நினைச்சுக்கிட்டு வரிசையில நின்னுச்சு, அப்பதான் சுரூபத்தோட காலடியில இருந்து க்ஹக், க்ஹக்ன்னு ஒரு சத்தம். முதல்ல எல்லாரும் தஸ்நேவிஸ் மோத்தாவைத்தான் பாத்தாவ. அவரு எங்க ஊர்க்கமிட்டித் தலைவரு, பூசையில இருமுறதைத் தன்னோட உரிமையா வச்சிருக்க ஆளு. அவரு வாயை மூடிக்கிட்டு நிக்காரு. சத்தம் மட்டும் நிக்கல. மண்டை தாடையைத் திறந்து திறந்து மூடுது. சோறு தின்னும்போது நமக்கு எப்படி மூச்சு முட்டுமோ அப்படி முட்டுது.

வேற ஊரா இருந்தா ஓடியிருப்பாவ, இல்ல விழுந்து கும்பிட்டிருப்பாவ. எங்க ஊர்ல கோயில்பிள்ளை கஸ்பாரண்ணன், மணி அடிச்சு விளக்குப் போட்டு கோயிலைக் கூட்டுற மனுசன், விறுவிறுன்னு போயி மண்டையோட உச்சியில ரெண்டு தட்டுத் தட்டி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, யாரோ நினைக்கிறாவ"ன்னு சொல்லி, பக்கத்துல இருந்த செம்புத் தண்ணியை அது வாயில ஊத்துனாவ. மண்டை மொடக்குன்னு குடிச்சுட்டு அமைதியாயிருச்சு. யாருக்குப் புரையேறுனாலும் அதைத்தானே செய்வோம். ததேயு சாமி அடுத்த நெத்திக்குச் சாம்பல் போட்டாவ. பூசை முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போயி கறி மீன் இல்லாம சுத்தபோசனமாக் கஞ்சி குடிச்சோம்.

அப்புறம்தான் பேச்சு ஆரம்பிச்சுது. அதிசயமா இல்லையாங்கிறது ஒருத்தருக்கும் பேச்சில்ல, அதுக்குத் தீர்த்தம் குடுக்குறதா சாதாத் தண்ணி குடுக்குறதாங்கிறதுதான் பேச்சு. ஊர்க்கமிட்டி ரெண்டு நாள் கூடி உக்காந்து, சாதாத் தண்ணி போதும், ஞாயித்துக்கிழமை மட்டும் தீர்த்தம்னு தீர்மானம் போட்டுச்சு. ததேயு சாமி ஆயர் இல்லத்துக்கு மூணு பக்கம் கடுதாசி எழுதினாவ. "தங்கள் கடிதம் கிடைத்தது, ஈரத்தில் மரம் வெடிக்காமல் பார்த்துக்கொள்ளவும்"னு ஒத்தை வரியில பதில் வந்துச்சு.

எதுக்குப் புரையேறுதுன்னு கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகல. யாரு சாவை நினைச்சாலும் அதுக்கு ஏறும். மண்டையோடுன்னா சாவுதானே, தன்னை யாராவது நினைச்சா ஏறத்தானே செய்யும். ஆம்புலன்ஸ் ரோட்டுல போனா ஒரு இருமல். இன்சூரன்ஸ் ஏஜென்ட் தெருவுக்குள்ள வந்த அன்னிக்கு வீடு வீடா அவன் ஏறி இறங்க இறங்க இது இருமுன இருமல்ல கஸ்பாரண்ணன் நாலு செம்பு ஊத்துனாவ, கடைசியில அந்த ஏஜென்டையே கூப்பிட்டு, தம்பி நீ அடுத்த ஊருக்குப் போயிருப்பான்னு கையெடுத்துக் கும்பிட்டாவ. சவப்பெட்டி செய்யுற ஆசாரி நாள் முழுக்க உளி தட்டினாலும் அது வாயைத் திறக்காது, தொழிலுக்காக நினைக்கிறது சேத்தி இல்லன்னு அதுல இருந்து தெரிஞ்சுச்சு. காத்தடிக்கும்போது பொம்பளைங்க எல்லாம் கோயிலுக்கு ஓடிவந்து மண்டை வாயையே பாத்துக்கிட்டு இருப்பாவ, அது சும்மா இருந்தா கடல்ல போன ஆம்பளைங்களுக்கு மனசு கலங்கல, நல்லாருக்காவன்னு வீட்டுக்குப் போயி அரிசி போடுவாவ. சலோமி மட்டும், தன் மருமக கோயிலுக்குள்ள காலை வச்சாலே மண்டை இருமுது, அவ என் சாவத்தான் நினைக்கான்னு கமிட்டியில பிராது குடுத்தா. மருமகளைக் கூப்பிட்டுக் கேட்டா, "நான் என் சாவத்தான் நினைச்சேன், இந்த மாமியார்கிட்ட இருந்து தப்பிக்க வேற வழி என்ன இருக்கு"ன்னா. கமிட்டி ரெண்டு பேரையும் திட்டி அனுப்பிருச்சு.

இப்படி ஊரே அதுக்குப் பழகிப்போன நேரத்துலதான், மத்த இருமலுக்கு நடுவுல பதினோரு மணி இருமல் தனியாத் தெரிய வந்துச்சு. தினமும் சரியா பதினோரு மணிக்கு. ஆம்புலன்ஸ் இல்ல, காத்து இல்ல, ஏஜென்ட் இல்ல. ஆனா மண்டைக்கு மூச்சு முட்டி, கண்ணுக்குழியில தண்ணி கட்டுற அளவுக்கு ஒரு இருமல், ஒரு செம்பு ரெண்டு செம்பு ஊத்துனாலும் அடங்காத இருமல்.

அது நான்தான். இப்பவே சொல்லிடுதேன், கடைசியில சொல்லி ஆளை மடக்குற பழக்கம் எனக்குக் கிடையாது.

பத்தரைக்கு மீனை வெட்டிக் கழுவிக் குழம்பைக் கூட்டி வச்சுட்டு, கவுச்சி வாடையோட சாமியாருக்குப் பரிமாறக்கூடாதுன்னு பதினோரு மணிக்குக் குளிக்கப் போவேன். பூசை உடுப்பு வைக்கிற சக்கிறீஸ்து அறைக்குப் பின்னால, அதுக்கும் கிணத்துக்கும் நடுவுல, தகரம் மறைச்ச குளியலறை. அங்க சோப்புப் போடும்போது இடது மாருல என் கை ஒரு இடத்துல நிக்கும். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. தை மாசம் ஊருக்கு வந்த மருத்துவ முகாம்ல ஒரு டாக்டரம்மா தடவிப் பாத்துட்டு, "அம்மா, ஒரு வாரத்துக்குள்ள திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க, தள்ளிப்போடாதீங்க"ன்னு சீட்டு எழுதிக் குடுத்தாவ. நான் அதைக் கொண்டுவந்து புளிப்பானைக்குள்ள, புளிக்கு அடியில வச்சேன். என் அக்கா மரியசெல்வமும் இதே கட்டியோடதான் அதே திருநெல்வேலிக்குப் போனா, திரும்பி வரல. பயம். வேற என்ன. ஊரையே அதட்டுறவளுக்கு ஒரு துண்டுச் சீட்டைக் கண்டு பயம். மத்த நேரத்துல வேலை இருக்கும், வேலை இருக்கும்போது சாவை நினைக்க எங்க நேரம்? அந்தத் தகரத்துக்குள்ள கால் மணி நேரம்தான் நானும் அதுவும் தனியா இருப்போம். அப்பப் பாத்து கோயில் சுவத்துக்கு அங்கிட்டு க்ஹக் க்ஹக்ன்னு கேக்கும்.

நான் வாயைத் திறக்கல. கஸ்பாரண்ணன்தான் திறந்தாவ. கமிட்டியில எந்திரிச்சு நின்னு, "பதினாறு நாளா பாக்குதேன், தினம் பதினோரு மணிக்கு நம்ம ஊர்ல யாரோ சாவ நினைக்கிறாவ"ன்னாவ.

அவ்வளவுதான். அவங்க சொன்னது சாவை. கமிட்டி கேட்டது சாக.

தஸ்நேவிஸ் மோத்தா நாற்காலியைத் தள்ளிவிட்டு எந்திரிச்சாரு. "என்னது, சாவ நினைக்கானா? நான் தலைவரா இருக்கும்போதா?" ததேயு சாமி கோயிலுக்குள்ள போயி மரமண்டையோட நெத்தியைப் படிச்சாவ, "சாவ நினைன்னு கோயில்லயே எழுதி வச்சிருக்கீங்களே, பின்ன ஏன் நினைக்க மாட்டாங்க?"ன்னு தலையில கைவச்சாவ. அன்னிக்கே தீர்மானம் ஆச்சு. இனிமே பதினோரு மணிக்கு புன்னைத்துறையில ஒரு ஆளும் தனியா இருக்கக்கூடாது. கஸ்பாரண்ணன் மணி அடிச்சதும் யாரு எங்க இருந்தாலும் பக்கத்துல ஒரு ஆளை வச்சுக்கணும், பேசணும், சிரிக்கணும், ஏதாவது தின்னக் குடுக்கணும். யாரு யாருக்குத் துணைன்னு எழுதி ஒட்டுற பொறுப்பை யாருகிட்ட குடுத்தாவ தெரியுமா? என்கிட்டதான். கணீர்னு குரல், கண்டிப்பான கை. நானும் வாங்கிக்கிட்டேன். ஆளைத் தேடுறவளா இருந்தா அவளை எவனும் தேடமாட்டான்னு ஒரு கள்ளப்புத்தி. ஆண்டவரு மன்னிக்கணும், நல்லாவே தேடினேன்.

முதல் சந்தேகம் கபிரியேல் மேல விழுந்துச்சு. டியூசன் வாத்தியாரு, முப்பத்தி நாலு வயசு, மூணு சம்பந்தம் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கிற வரைக்கும் வந்து முறிஞ்சு போச்சு. தினமும் பதினோரு மணிக்கு அவன் வீட்டுல ஏழெட்டுப் பேரு போயி உக்காந்து, ஒருத்தி பணியாரம், ஒருத்தி இறால் தொக்கு, ஒருத்தி நண்டுக் குழம்புன்னு வரிசையா வச்சு, உயிரோட இருக்குறது எவ்வளவு நல்லதுன்னு அவனுக்கு எடுத்துச் சொன்னாவ. "எனக்கு அந்த நினைப்பே கிடையாதுங்க"ன்னு அவன் தலையில அடிச்சுக்கிட்டான். "அதைத்தான் எல்லாவனும் சொல்லுவான், நீ தின்னு"ன்னாரு தலைவரு. பத்து நாள்ல அவன் சட்டைப் பொத்தான் மாட்ட முடியாமப் போச்சு. இதைப் பாத்து ஊர்ல பாதி ஆம்பளைங்க பத்தரை மணியில இருந்தே முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்தாவ, என்ன அண்ணே சோகமா இருக்கீங்கன்னு கேட்டா, "என்னத்தச் சொல்ல, நண்டு தின்னு நாளாச்சு"ன்னாவ.

என் பேருக்கு நேரா மட்டும் யாரையும் எழுதல. ஒரு நாள் ததேயு சாமி நல்ல மனசோட கேட்டாவ, "அமலோற்பவத்துக்கு யாரு துணை?"ன்னு. கமிட்டி மொத்தமும் சிரிச்சுச்சு. "அவளா? ஊரையே கொன்னுபோட்டுட்டு கடைசியாப் போவா சாமி"ன்னாரு தலைவரு. நானும் சேந்து சிரிச்சேன். சிரிச்சுட்டு குசினிக்கு வந்து வெங்காயம் உரிச்சேன், ஒரு கிலோ, அன்னிக்குக் குழம்புக்கு நாலு வெங்காயம்தான் வேணும்.

பங்குனியில பணியாரக்காரி ஒருத்தி நோவுல படுத்துட்டா, கபிரியேலுக்குப் பதினோரு மணித் துணையா நான் போக வேண்டியதாப் போச்சு. அவன் டியூசன் நோட்டுத் திருத்துவான், நான் அவனைப் பாத்துக்கிட்டு இருப்பேன். "அக்கா, சத்தியமாச் சொல்லுதேன், நான் நல்லாத்தான் இருக்கேன்"ன்னான். "தெரியும்டா"ன்னேன். "அப்புறம் ஏன்க்கா இங்க வந்து உக்காந்திருக்கீங்க?" தின்னுடான்னு தட்டை அவன் பக்கம் தள்ளினேன். பங்களாவுக்குத் திரும்பி வந்து குளிக்க மணி பன்னெண்டு ஆயிருச்சு.

மண்டையும் பன்னெண்டுக்கு இருமிச்சு.

ஊர்ல ஒரே குதூகலம், கபிரியேல் பிழைச்சுக்கிட்டான், பதினோரு மணி நினைப்பு போயே போச்சு, இப்ப பன்னெண்டு மணிக்கு வேற ஒருத்தன் கிளம்பியிருக்கான், அவனைப் பிடிக்க ரெண்டாவது கமிட்டி போடணும்னு தலைவரு சொன்னாரு. கஸ்பாரண்ணன் மட்டும் காதைத் தீட்டிக்கிட்டு இருந்தாவ. அவங்க காது மணிக்காரன் காது. கிணத்துல நான் தண்ணி இறைக்கும்போது கப்பி கிறீச்சுங்கும், அது நின்னு கொஞ்ச நேரத்துல மண்டை க்ஹக்குங்கும். கிறீச்சு, க்ஹக். நாள் தவறாம அந்த வரிசைதான். கிறீச்சு பன்னெண்டுக்குப் போனதும் க்ஹக்கும் பன்னெண்டுக்குப் போச்சு.

மறுநாள் வாளியைக் காணோம். கிணத்தடி முழுக்கத் தேடினேன், கண்ட கண்டவளைத் திட்டினேன், ஆனா உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி, இன்னிக்குக் குளிக்க வேண்டாம், கை அங்க போக வேண்டாம். கவுச்சியோடயே குழம்பைக் கிண்டிக்கிட்டு இருக்கேன், குசினி வாசல்ல கஸ்பாரண்ணன். வலது கையில என் வாளி, இடது கக்கத்துல மண்டை.

"தங்கச்சி, இன்னிக்கு இது இருமவே இல்ல."

"நல்லதுதானே. வாளியைக் குடுங்க. திருட்டு வேலை எப்ப இருந்து?"

"நீதானா அது?"

"எது?"

அண்ணன் வாளியைக் கீழ வச்சாவ. "நீயா சாவ நினைக்கிறது?"

கக்கத்துல இருந்த மண்டைக்கு அந்த நிமிசமே புரையேறிப்போச்சு. பொய் சொல்ல வாயெடுத்தேன், எடுத்த வாய்க்கு முன்னால அது இருமிக் காட்டிக்குடுத்துருச்சு. நான் பானையில இருந்து தண்ணியை மோந்து அது வாயில ஊத்தினேன், உச்சியில தட்டினேன், தட்டிக்கிட்டே சொன்னேன்.

"சாக நினைக்கல அண்ணே. சாவை நினைக்கேன். சா-வை. கடைசியில ஒரு ஐ இருக்கு."

எங்க ஊர்ல அந்த எழுத்தை வாயால சொன்ன முதல் ஆளு நானாத்தான் இருப்பேன். கஸ்பாரண்ணன் மண்டையோட நெத்தியைத் திருப்பிப் பாத்து, தேஞ்ச இடத்தை விரலால தடவினாவ. அப்புறம் நான் புளிப்பானைக்குள்ள கையை விட்டு சீட்டை எடுத்துக் குடுத்தேன். புளி ஒட்டிப் பாதி எழுத்து அழிஞ்சிருந்துச்சு, தேதியும் திருநெல்வேலியும் மட்டும் தெரிஞ்சுச்சு.

"தை மாசச் சீட்டு! ஏம்மா போகல?"

"பயமா இருக்கு அண்ணே." அவ்வளவுதான் சொன்னேன், சொன்னதும் அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு, அக்கா செத்த அன்னிக்குக்கூட அப்படி அழுததில்ல. "யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. எல்லாரும் வந்து மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிப்பாவ, அதை என்னால பாக்க முடியாது."

"மாதா மேல ஆணை, வாயைத் திறக்க மாட்டேன்"ன்னாவ. திறக்கல. நேராப் போயி மணியை அடிச்சாவ, பதினோரு மணி அடி, மத்தியானம் ஒண்ணே காலுக்கு. ஊரே தனியா இருக்குற ஆளு யாருன்னு தேடி ஓடுச்சு. கஸ்பாரண்ணன் வாயைப் பொத்திக்கிட்டு, விரலை மட்டும் குசினிப் பக்கம் நீட்டிக்கிட்டு நின்னாவளாம். அரை மணி நேரத்துல என் குசினியில எள்ளு போட இடமில்ல. இறால் தொக்கு வந்துச்சு, நண்டு வந்துச்சு, எனக்கே சமைச்சுக் கொண்டு வந்தாளுவ, அதுவும் என் அடுப்புக்கு முன்னாலயே, அந்த நண்டுல உப்பே இல்ல. சலோமியும் மருமகளும் ஒரே சட்டியைப் பிடிச்சுக்கிட்டு வந்தாளுவ. தஸ்நேவிஸ் மோத்தா தொண்டையைச் செருமிட்டு, "அன்னிக்கு நான் சொன்னதை நீ மனசுல வச்சுக்கக்கூடாது"ன்னாரு. "வச்சுக்கிட்டேன், போங்க"ன்னேன்.

கட்டியைப் பத்தி நானே சொல்லும்படி ஆச்சு. திருநெல்வேலிக்கு ஒரு வேன், அதுல பதினெட்டுப் பேரு. மண்டையையும் கொண்டு போகணும்னு ஒரு கட்சி கிளம்பிச்சு. கஸ்பாரண்ணன் மறிச்சுட்டாவ. "உங்களுக்குப் புத்தி இருக்கா? ஆஸ்பத்திரியில அத்தனை பேரும் அதைத்தானே நினைச்சுக்கிட்டு இருப்பான், வாசல்ல கால் வைக்கு முன்னாலயே இது இருமி இருமிச் செத்துப்போகும்." சாவே செத்துப்போகும்ங்கிறது எல்லாருக்கும் ஞாயமாப் பட்டுச்சு. மண்டையும் கஸ்பாரண்ணனும் ஊர்ல நின்னுட்டாவ, நான் போறப்ப அண்ணன் ஒரு பெரிய அண்டா நிறையத் தண்ணி பிடிச்சு சுரூபத்துக்குப் பக்கத்துல வைக்கிறதைப் பாத்தேன். ஆப்பரேசன் அன்னிக்கு ஊரே என் சாவை நினைக்கும், அதுக்கு எத்தனை செம்பு வேணுமோன்னுதான் அந்த அண்டா.

செவ்வாக்கிழமை காலையில மயக்க ஊசி போட்டாவ. கட்டியோட சேத்து இடப்பக்கத்தையே எடுத்துட்டாவ, கண்ணு முழிச்சதும் கை அங்கதான் போச்சு, பெரிய கட்டு. உசுரு இருக்குன்னு தெரிஞ்சுச்சு. சாயங்காலம் ஒரு நர்சுப் பொண்ணு ரெண்டு ஸ்பூன் தண்ணி குடுத்துச்சு. முதல் ஸ்பூன்லயே எனக்குப் புரையேறிச்சு. உச்சியில தட்டிச்சு, நிக்கல. அடுத்த வாய்க்கும் ஏறிச்சு. தண்ணியே குடிக்காம இருந்தாலும் ஏறுது. தையல் பிரிஞ்சுரும்னு பயந்து டாக்டரைக் கூப்பிட்டாவ, அவரு டார்ச் அடிச்சுத் தொண்டையைப் பாத்துட்டு, தொண்டையில ஒண்ணுமே இல்லையேன்னு முழிச்சாரு.

"யாரும்மா உங்களை இந்த நினைப்பு நினைக்கிறது?"ன்னு அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே கேட்டுச்சு.

"ஒரு ஊரு"ன்னேன், சொல்லி முடிக்கு முன்னால அடுத்தது ஏறிச்சு.

பன்னெண்டாம் நாள் ஊருக்கு வந்தேன். நேரத்தோட வந்துட்டீங்க, ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டுங்க, பிழைச்சுக்கிடுவீங்கன்னு டாக்டரு சொல்லியனுப்பிச்சாரு, இதெல்லாம் நடந்து இப்ப நாலு வருஷம் ஆச்சு, காட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். வேனை விட்டு இறங்கினதும் வீட்டுக்குப் போகல, கோயிலுக்குத்தான் போனேன். சுரூபத்துக்குக் காலடியில மண்டை உக்காந்திருந்துச்சு, அதே அடக்கின சிரிப்போட. பக்கத்துல அந்த அண்டா.

"சொல்லுங்க அண்ணே, செவ்வாக்கிழமை எத்தனை செம்பு?"

கஸ்பாரண்ணன் அண்டா மூடியைத் திறந்து காட்டினாவ. தண்ணி விளிம்பு வரைக்கும் தளும்பிச்சு.

"ஒண்ணுகூட இல்ல தங்கச்சி. காலையில இருந்து இருட்டுற வரைக்கும் ஊரே இங்கதான் இருந்துச்சு, கடலுக்கும் போகல, அடுப்பும் பத்த வைக்கல. நான் செம்பைக் கையில வச்சுக்கிட்டு இதோட வாயையே பாத்துக்கிட்டு இருந்தேன். இது வாயைத் திறக்கவே இல்ல. யாருக்கும் அதோட நினைப்பு வரல. எல்லாரும் உன்னை நினைச்சுக்கிட்டு இருந்தோம்."

நான் ஏதோ சொல்ல வந்தேன், அந்த நேரம் பாத்துப் புரையேறிருச்சு. அண்ணன் பழக்கதோசத்துல மண்டைக்குத் தட்டுற அதே தட்டை என் உச்சியில ஓங்கித் தட்டினாவ.

"மெள்ளத் தட்டுங்க அண்ணே"ன்னேன், "இது மரமில்ல."